உன் அப்பாவுக்கு மூச்சு கொடுத்தவர்

அன்பு மகன் அமலுக்கு,

உன் அம்மா எழுதுகிறேன். நீ உடம்போடும் மனசோடும் நன்றாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஓசூரில் அறை மாறியது, மெஸ் குழம்பில் காரமே இல்லை என்பது, குளிருக்குப் போர்வை வாங்கியது எல்லாவற்றையும் உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் எனக்கு வாய் வரவில்லை. கம்பெனியில் முதலுதவி பழக ஒவ்வொரு பிரிவிலும் ஒருவரை எடுத்திருப்பதாகவும், உன் பெயரையும் போட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தாய். 'ரப்பர் பொம்மை வாயில் வாய் வைத்து ஊதச் சொல்கிறார்கள், அதற்கே குமட்டுகிறது, நாளைக்கு எவன் என்றே தெரியாத ஒருத்தன் வாயில் எப்படி வைப்பது, சூப்பர்வைசரிடம் சொல்லிப் பெயரை எடுத்துவிடப் போகிறேன்' என்றும் எழுதியிருந்தாய். அதை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். மறுநாள்தான் அவரிடம் வாசித்தேன். அவர் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு, "அவனுக்கு எல்லாத்தயும் எழுதிடு. நம்ம செஞ்சத சேத்தே எழுது" என்றார். அவர் சொல்லித்தான் எழுதுகிறேன். இதைப் பொறுமையாகப் படி.

எண்பதாம் வருஷம் நீ தர்மபுரி ஹாஸ்டலில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். அப்பாவுக்குக் கரண்ட் அடித்தது, மயங்கி விழுந்தார், ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள், பயப்படாமல் பரீட்சைக்குப் படி என்று உனக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் போட்டேன். அதில் நான் எழுதியது எதுவும் பொய்யில்லை. ஆனால் நடந்ததில் முக்கால் பங்கை எழுதாமல் விட்டேன். அந்த முக்கால் பங்கு இத்தனை வருஷமாக என்னிடமே கிடக்கிறது.

அது மாசி மாதம். அப்போதெல்லாம் மோட்டார் ஓடுகிற அளவுக்குக் கரண்ட் காலை பத்து மணிக்கு மேல்தான் வரும். கரும்புக்குத் தண்ணீர் கட்ட உன் அப்பா மோட்டார் கொட்டாய்க்குப் போயிருந்தார். நான் களியும் கீரைக் கடைசலும் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். சவரிமுத்து வாய்க்காலில் மண் தள்ளிக்கொண்டிருந்தார். சவரிமுத்துவை உனக்குத் தெரியும், காலனியில் கடைசி வீடு, நம்மிடம் நாலைந்து வருஷம் வேலை செய்தவர். நம் கோயிலுக்குத்தான் அவர்களும் வருவார்கள், பின்னால் உட்காருவார்கள். அந்தக் காலத்தில் நான் அவரை 'டேய் சவரி' என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட நாலு வயது பெரியவர். இப்போது அவர், இவர் என்று எழுதும்போது என் கை கூசுகிறது, மரியாதை கொடுக்கிறேன் என்று அல்ல, எவ்வளவு தாமதம் என்று.

கொட்டாய் வாசலில் நின்று உன் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பிடித்தபடி நின்றார். திரும்பவில்லை. காலடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. இன்னொரு முறை கூப்பிட்டபோதுதான் அவர் தொண்டையிலிருந்து மாடு முனகுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. எனக்கு என்ன தோன்றும் சொல். களிச் சட்டியைப் போட்டுவிட்டு அவரைப் பிடித்து இழுக்க ஓடினேன். நல்ல பெண்டாட்டி செய்வது அதுதான் என்று நினைத்தேன். இரண்டு எட்டு வைத்திருப்பேன், பக்கவாட்டில் இருந்து என்மேல் எதுவோ மோதியது. வாய்க்கால் சேற்றில் போய் விழுந்தேன். சவரிமுத்துதான் தோளால் இடித்துத் தள்ளியிருந்தார். "முட்டபேடா!" என்று ஒரு கத்துக் கத்தினார். அது கன்னடம். தொடாதே என்று அர்த்தம். அது எனக்கு அப்போது புரியவில்லை. கூலிக்கு வந்தவன் என்னை அடித்துவிட்டான் என்றுதான் அந்த நொடியில் பட்டது. புருஷன் சாகக் கிடக்கும்போது எனக்கு அது பட்டது, அமல். ஒளிக்காமல் சொல்கிறேன்.

அவர் மூலையில் கிடந்த காய்ந்த கோணிச்சாக்கைக் காலால் இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். புளி உலுக்குகிற மூங்கில் கழி ஒன்று சுவரில் சாத்தியிருந்தது. அதை எடுத்து, எட்டி நின்றபடியே மெயின் சுவிட்ச் கைப்பிடியைக் கீழே அடித்தார். முதல் அடி தவறியது. இரண்டாவது அடியில் இறங்கியது. உன் அப்பா வேரோடு சாய்ந்த மரம்போல மல்லாந்து விழுந்தார். கரண்ட் போய்விட்டதை இன்னொரு முறை பார்த்துக்கொண்ட பிறகுதான் சவரிமுத்து அவரைத் தொட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில். உன் கம்பெனியில் முதல் பாடமாக இதைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், நீ அதைச் சாதாரணமாகக் கேட்டிருப்பாய். உதவிக்குப் போகிறவன் முதலில் தன்னைச் சுற்றிப் பார்க்க வேண்டும். கரண்டோ, நெருப்போ, ஆழமான தண்ணீரோ, ஒருவரை எது விழுத்தியதோ அது அங்கேயே காத்திருக்கும். நான் அன்று அவரைப் பிடித்திருந்தால் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டிருப்போம். நீ ஹாஸ்டலில் இருந்து இரண்டு சவப்பெட்டிக்கு வந்திருப்பாய். பாசத்தில் ஓடுகிற கால்தான் ரொம்ப ஆபத்தான கால் என்பது எனக்கு அந்தச் சேற்றில் விழுந்துதான் தெரிந்தது.

சவரிமுத்து அவரை அக்குளில் பிடித்து வெளியே காய்ந்த தரைக்கு இழுத்து வந்தார். தோளைத் தட்டி, "ஐயா, ஐயா, கேக்குதுங்களா" என்றார். பதில் இல்லை. குனிந்து கன்னத்தை மூக்கருகே வைத்து, கண்ணால் நெஞ்சைப் பார்த்தார். கழுத்தின் பக்கத்தில் இரண்டு விரலை வைத்தார். நான் சேறு வழிய எழுந்து வந்து அலறிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்காமலே, "நாடி இருக்குதுங்கம்மா. மூச்சுதான் இல்ல" என்றார். உன் அப்பாவுக்கு அப்போது எந்நேரமும் வெற்றிலை. வாய் நிறைய இருந்தது. சவரிமுத்து தலையைப் பக்கவாட்டில் திருப்பி, விரலை விட்டு அந்தச் சிவந்த சக்கையை எல்லாம் வழித்து எறிந்தார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயை மேலே தூக்கி, மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து ஊதினார். உன் அப்பாவின் நெஞ்சு எழும்பியது. வாயை எடுத்தார், அது தணிந்தது. மறுபடி ஊதினார்.

சத்தம் கேட்டுப் பக்கத்துக் கொல்லையில் இருந்து உன் பெரியப்பா ஓடி வந்தார். தம்பியின் வாயில் சவரிமுத்து வாய் வைத்திருப்பதைத்தான் அவர் முதலில் பார்த்தார். தோளைப் பிடித்து இழுத்தார்.

"டேய், என்ன பண்றடா. வாயில வாய வெக்கறியா. வுடுடா அவன. மண்ணத் தோண்டிக் கழுத்துவரைக்கும் பொதச்சா கரண்டு எறங்கிடும். இவளே, தண்ணி கொண்டாந்து வாயில ஊத்து."

சவரிமுத்து அந்தப் பிடியில் இருந்தபடியே என்னைப் பார்த்தார். உதட்டில் எல்லாம் வெற்றிலைச் சிவப்பு. "அம்மா, நான் நிறுத்துனா போயிடுவாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார்.

நான் சொன்னேன். "ஊதுங்க. வுடாதீங்க, ஊதுங்க." என் வாழ்க்கையில் அவரிடம் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. உன் பெரியப்பாவைப் பார்த்து, "மாமா, நீங்க ரோட்டுக்குப் போயி எந்த வண்டி வந்தாலும் நிறுத்துங்க. நீங்களே போங்க" என்றேன். அவரிடம் அதுவரை நான் நிமிர்ந்து பேசியதில்லை. அவர் ஒரு கணம் நின்றார், பிறகு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடினார். அவர் செய்ததையும் மறைக்கக்கூடாது. பொம்மிடிப் பக்கம் புளி ஏற்றிக்கொண்டு போன ஒரு பாயின் டெம்போவை அவர்தான் குறுக்கே நின்று மறித்தார். அந்த பாய் யார், எந்த ஊர் என்றுகூட நாங்கள் கேட்கவில்லை. பாதி மூட்டையை ரோட்டோரம் இறக்கிவிட்டு இடம் பண்ணிக்கொடுத்தார். அவருக்கும் நான் கடன்பட்டவள்.

எவ்வளவு நேரம் ஊதினார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கிற நேரம்போல இருந்தது. அவ்வளவு இருந்திருக்காது. சவரிமுத்துவின் நெற்றி வியர்வை உன் அப்பாவின் முகத்தில் சொட்டியது. நடுநடுவே கழுத்தில் விரலை வைத்துப் பார்ப்பார், மறுபடி ஊதுவார். திடீரென்று உன் அப்பாவின் வயிறு ஒரு குலுங்கு குலுங்கியது. இருமினார். பின்னாலேயே வாந்தி வந்தது. சவரிமுத்து சட்டென்று அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல்காலை மடக்கி, முகத்தைக் கீழ்ப்பக்கம் சாய்த்துப் பிடித்தார். அத்தனை வாந்தியும் அவர் கையில்தான். உன் அப்பா தானாக ஒரு மூச்சு இழுத்தார். பிறகு இன்னொன்று. சவரிமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் சொம்பைத் தூக்கிக்கொண்டு போனேன். "தண்ணி வேணாங்கம்மா. நெனப்பு முழுசா வராம வாயில எதுவும் ஊத்தக்கூடாது, பொறையேறிக்கும்" என்றார். உன் அப்பாவின் உள்ளங்கை வெந்து வெள்ளையாக இருந்தது. நான் வெண்ணெய் எடுத்து வரட்டுமா என்றேன். அதற்கும் வேண்டாம் என்றுவிட்டார். துவைத்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அழுத்தாமல் மேலாகச் சுற்றினார். மூச்சு வந்துவிட்டதே, ஆஸ்பத்திரி வேண்டுமா என்று நான் கேட்டதற்கு, "கரண்டு அடிச்சது பின்னாடி நெஞ்சப் புடிக்கும்னு சொல்லியிருக்காங்க, கட்டாயம் போயிரணும்" என்றார்.

இவையெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். நம்மிடம் வருவதற்கு முன் ஓசூர்ப் பக்கம் கரண்ட் கம்பம் நடுகிற கூட்டத்தில் தினக்கூலியாக இருந்திருக்கிறார். அங்கே ஒருவன் கம்பியில் ஒட்டிக்கொள்ள, அவன் கூட்டாளி ஓடிப்போய்ப் பிடிக்க, இருவரும் இவர் கண்ணெதிரே போய்விட்டார்கள். அதற்குப் பிறகு கன்னடக்கார மேஸ்திரி ஒருவர், வாரத்துக்கு ஒரு நாள் வேலையை நிறுத்தி, ஒரு ஆளைத் தரையில் படுக்க வைத்து எல்லோருக்கும் பழக்கியிருக்கிறார். 'முட்டபேடா' என்பதுதான் அவருடைய முதல் வார்த்தையாம். அதனால்தான் சவரிமுத்து வாயில் தமிழ் வராமல் கன்னடம் வந்தது.

டெம்போவில் தர்மபுரி வரை உன் அப்பாவை ஒருக்களித்தபடியே மடியில் தாங்கி வந்தவர் அவர்தான். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிப் போனார்கள். நானும் உன் பெரியப்பாவும் பின்னால் ஓடினோம். சாயங்காலம் டாக்டர் வந்து, "ஸ்பாட்டுல யாரு பாத்தது? மூச்சு குடுத்தவங்க யாரு? அது மட்டும் இல்லன்னா நீங்க இங்க கொண்டாந்தே பிரயோசனமில்ல" என்றார். உன் பெரியப்பா, "நாங்கதாங்க சார், வூட்டுக்காரங்க" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புடவையில் காய்ந்த சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்து பார்த்தபோது சவரிமுத்து இல்லை. சாப்பிட்டாரா, எதில் ஊருக்குப் போனார், கையில் பஸ்ஸுக்கு இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இதைவிடப் பெரிய தப்பு இனிமேல்தான். உன் அப்பா வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமை நன்றிப் பூசைக்கு ஏற்பாடு செய்தோம். பூசையில் வாசிக்க வேண்டிய சீட்டை நான்தான் எழுதினேன், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று. ஆண்டவருக்கு, அந்தோணியாருக்கு, டாக்டருக்கு, ஓடி வந்து உதவிய உறவினர்களுக்கு என்று வரிசையாக நன்றி எழுதினேன். சவரிமுத்துவின் பெயர் பேனா முனைவரை வந்தது. எழுதினால் அவர் என்ன செய்தார் என்று ஊர் கேட்கும், வாயில் வாய் வைத்தான் என்று சொல்ல வேண்டி வரும், உன் பெரியப்பா சும்மா இருக்க மாட்டார், நாளைக்கு உனக்குப் பெண் பார்க்கப் போனாலும் பேச்சு வரும் என்று என்னென்னவோ ஓடியது. எழுதவில்லை. பங்குச் சாமியார் அந்தச் சீட்டைக் கோயில் முழுக்கக் கேட்க வாசித்தார். சவரிமுத்துவும் அவர் மனைவி லூர்துமேரியும் மூன்று பிள்ளைகளோடு பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நற்கருணை வாங்கிவிட்டுத் திரும்பியபோது லூர்துமேரியைப் பார்த்தேன். அவள் என்னை முறைக்கவில்லை. தலை குனிந்து கடைசிப் பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முதல் சவரிமுத்து நம் வேலைக்கு வரவில்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள்.

உன் அப்பாவுக்கு எதுவுமே தெரியாது. அவர் நினைவில் ஸ்டார்ட்டரில் கை வைத்தது இருந்தது, அப்புறம் ஆஸ்பத்திரி விட்டம்தான். சவரி ஏன் வருவதில்லை என்று அடிக்கடி கேட்பார். நல்ல கூலி கிடைத்துப் போய்விட்டான் என்று சொல்லிவைத்தேன். இப்படியே பத்து மாதம் ஓடியது. மார்கழியில் ஒரு நாள் மத்தியானம், கையில் இருந்த தழும்பைத் தடவிக்கொண்டே, "நல்ல மனுசன். போறப்ப ஒரு வார்த்த சொல்லாம போயிட்டானே" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

உன் அப்பாவை மேலே தூக்கி வைத்து எழுத மாட்டேன், அவரே அதற்குச் சம்மதிக்க மாட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, "இது எத்தன பேருக்குத் தெரியும்?" என்பதுதான். அப்புறம் எழுந்து போய்த் தொட்டித் தண்ணீரில் வாயைக் கொப்பளித்தார். பத்து மாதம் கழித்து. இரண்டாவது வாய் தண்ணீரைக் கையில் அள்ளியவர் அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் விரல் இடுக்கில் ஒழுகிப் போனது. அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில், "கிறிஸ்மசுக்கு அவரு ஊருக்கு வருவாருல்ல" என்று கேட்டார். 'அவரு' என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கிறிஸ்மசுக்கு மறுநாள் காலையில் இருவரும் காலனிக்குப் போனோம். நான் ஒரு தூக்கில் பலகாரம் எடுத்துப் போயிருந்தேன். சவரிமுத்து வாசலில் சவரம் செய்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சோப்பு முகத்தோடே எழுந்து நின்றார். உன் அப்பா உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தார். தேம்பித் தேம்பி அழுதார். "எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தாலும் அப்பவே வந்திருப்பனான்னு தெரியலங்க. மன்னிச்சிக்கங்க" என்றார். சவரிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உடுங்க. எது முன்னாடி எது பின்னாடி செய்யணும்னு எனக்குத் தெரிஞ்சிருந்துது, செஞ்சன். தெரியாதவனா இருந்தா நானும் கத்திக்கிட்டுத்தான் நின்னிருப்பன்" என்றார்.

லூர்துமேரிதான் பேசினாள். அடுப்படியில் இருந்து வராமல், அங்கிருந்தபடியே சொன்னாள். "அக்கா, இவரு அன்னிக்கு ஆஸ்பத்திரியிலருந்து நடந்தே பாதி தூரம் வந்தாரு. ரெண்டு நாளு சோறு திங்கல. ஐயா பொழச்சிட்டாருன்னு சேதி வர்ற வரைக்கும் நடுங்கிக்கிட்டே இருந்தாரு. செத்திருந்தா, சவரிதான் அம்மாவத் தள்ளிவுட்டான், சவரிதான் வாயப் பொத்திக் கொன்னுட்டான்னு சொல்லியிருப்பீங்கல்ல? எங்களுக்கு மூணு புள்ளைங்க. அந்தப் பயத்தோடதான் அக்கா ஊதுனாரு." எனக்கு அதுவரை அந்தப் பக்கம் தோன்றவே இல்லை, அமல். ஒரு உயிரைக் காப்பாற்ற அவர் தன் குடும்பத்தையே பணயம் வைத்திருக்கிறார். அப்படியும் அவர் வாயை எடுக்கவில்லை. "ஆமா, சொல்லியிருப்போம்" என்றேன். அவள் வெளியே வந்து என் கையில் இருந்த தூக்கை வாங்கிக்கொண்டாள். அன்று அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டோம்.

புது வருஷப் பூசைக்கு உன் அப்பாவே சீட்டு எழுதினார். எழுத்துப் பிழையோடு, ஒரே வரி. 'போன மாசியில் கரண்டு அடித்து மூச்சு நின்ற எனக்குத் தன் வாயால் மூச்சு கொடுத்த சவரிமுத்துவுக்கு நன்றி.' சாமியார் அதை அப்படியே வாசித்தார். பூசை முடிந்து வெளியே வந்ததும் உன் பெரியப்பா, "நம்ம மானத்த ஊருக்கே ஏலம் போட்டுட்ட" என்றார். உன் அப்பா, "மானம் இருந்திருந்தா போன வருசமே இதப் படிச்சிருப்பன்ணா" என்றார். இருவரும் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அதுதான். நீ கோடை லீவுக்கு வந்தபோது வீட்டுக்கு நடுவில் சுவர் எழும்பியிருந்ததே, கிணற்றுத் தகராறு என்று உன்னிடம் சொன்னோமே, அந்தச் சுவர் இதற்காகத்தான். உன் பெரியப்பா கெட்டவர் இல்லை. அவர் இடத்தில் நான் பத்து மாதம் நின்றிருந்தேன், அதனால் எனக்குத் தெரியும்.

எனக்குச் சத்துணவுக் கூடத்தில் வேலை கிடைத்ததும், பொங்கலுக்கு வந்திருந்த சவரிமுத்துவைக் கூப்பிட்டு ஆயாக்களுக்கும் எனக்கும் சொல்லித்தரச் சொன்னேன். கோரைப்பாயைச் சுருட்டி ஆள்போலக் கிடத்தி, ஒவ்வொருவராகப் பழகினோம். போன வருஷம் சமைக்கிற பாப்பாத்தி அரிவாள்மணையில் கையை ஆழமாக வெட்டிக்கொண்டாள். காப்பித்தூள் வைக்கலாம் என்று ஒருத்தி ஓடினாள். நான் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தேன், கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்தேன், நின்றதா நின்றதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்தியபடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கொதிக்கிற சாம்பார் தெளித்தால் உடனே குளிர்ந்த தண்ணீரில் வெகுநேரம் காட்ட வேண்டும், வளையலைக் கை வீங்கும் முன் கழற்ற வேண்டும், மாவு, மை எதுவும் பூசக்கூடாது என்பதெல்லாம் இப்போது அங்கே எல்லோருக்கும் தெரியும். 'யாராவது போய் வண்டி பாருங்க' என்று பொதுவாகக் கத்தினால் ஒருவரும் போக மாட்டார்கள், ஒருவர் முகத்தைப் பார்த்து 'நீ போ' என்று சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். நெஞ்சு நின்றுபோனால் எப்படி அழுத்துவது, எத்தனை அழுத்துக்கு எத்தனை மூச்சு என்பதை நீ உன் கம்பெனியில் சரியாகக் கேட்டுக்கொண்டு வந்து எங்களுக்குச் சொல். எங்களுக்கு அதில் சந்தேகம் இருக்கிறது.

குமட்டல் வருவது தப்பில்லை மகனே. அது உடம்பின் குணம். சவரிமுத்துவிடம் ஒரு தடவை கேட்டேன், அந்த வெற்றிலையும் வாந்தியும் உங்களுக்கு எப்படி இருந்தது என்று. "கொமட்டிக்கிட்டுத்தாங்கம்மா வந்துது. அப்பறமா ஓரமாப் போயி வாந்தி எடுத்தன்" என்று சிரித்தார். அப்பறமா என்றார், பார். குமட்டலைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடத்தான் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்துக்குத்தான் அந்தப் பொம்மை. பெயரை எடுக்காதே என்று நான் கட்டளை போட மாட்டேன், நீ சம்பாதிக்கிற பிள்ளை. ஆனால் எடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு என்றுதான் இத்தனை பக்கம் எழுதினேன்.

வேறு என்ன எழுத? நான் எழுத ஆரம்பித்ததில் இருந்து உன் தங்கச்சி பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்லேட்டில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறாள். ஆறாம் வாய்ப்பாட்டில் பாதியில் நின்றுகொண்டு, அண்ணனுக்கு என்ன அம்மா இவ்வளவு எழுதுகிறாய் என்று கேட்கிறாள். உன் அப்பாவுக்குக் கரண்ட் அடித்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவளுக்கு இந்த ஆடியில் ஏழு முடிகிறது. நான் அதைத் தினமும் ஒரு தடவையாவது நினைத்துக்கொள்கிறேன். நீயும் ஒரு தடவை நினைத்துப் பார்.

உன் அம்மா